பூப்போட்ட கோப்பை

"ஊரில எவடம் தம்பி?" என்று புவனேஸ் அன்ரி கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகும் எவடம், எந்தப் பக்கம் என்று தோண்டினால் அது சாதி விசாரணை. லண்டனில் வளர்ந்த எனக்கே அது தெரியும். அப்பா சொல்லித் தந்திருந்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரை, நெஞ்சில் 'எல்டர் இரத்தினவேல்' என்ற கறுப்புப் பெயர் அட்டை. எல்டர் என்றால் மூப்பர். மீசை ஒழுங்காக முளைக்காத மூப்பர். மோர்மன் சபையின் ஊழியக்காரனாக யேசுவைப் பற்றிப் பேச வந்த வீட்டில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

சுடலைக்கு அங்கால, ஒழுங்கைக் கடைசியில் என்றேன்.

"ஓ... அங்காலயோ" என்றார் அன்ரி. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அங்கிள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணின் அந்த மாடிக் கட்டடத்தில் காலையிலிருந்து ஏறி இறங்கியிருந்தோம். பொரித்த மீனும் கரப்பான் மருந்தும் கலந்து மணக்கும் நடைபாதைகள், முகத்தில் அடித்துச் சாத்திய கதவுகள். நான் தமிழில் வணக்கம் சொன்னபடியால் இந்தக் கதவு மட்டும் திறந்தது. யூட்டாவிலிருந்து வந்த என் கூட்டாளி ஹான்சனுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்ரி குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தார்.

ஹான்சனுக்குப் பொன் விளிம்பு வைத்த பூப்போட்ட கோப்பை, அடியில் தட்டு. அங்கிளுக்கும் அப்படியே.

எனக்குக் கடதாசிக் கப். யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கி மிஞ்சியது, பலூன் படம் போட்டது.

கண்ணாடி அலுமாரியில் அதே பூப்போட்ட கோப்பைகள் இன்னும் அடுக்கியிருந்தன.

வீடு வாசலை விட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கனடாவுக்கு ஓடி வந்தவர்கள். அந்த ஓட்டத்திலும் இதை மட்டும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சீ என்றிருந்தது.

உங்கள் தேத்தண்ணி எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்பா ஊரில் ஆயுள் முழுக்க விழுங்கியதை நான் ரொறன்ரோவில் துப்ப வேண்டும். வாயைத் திறந்தேன்.

ஹான்சன் முந்திவிட்டான். மன்னிக்க வேண்டும், எங்கள் சபையில் தேநீர் குடிக்கக் கூடாது, நாங்கள் இருவருமே குடிப்பதில்லை என்று சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் விளக்கினான்.

அன்ரியின் முகம் தெளிந்தது. "உங்கட சமயத்தில கூடாதோ? அப்ப நல்லதாப் போச்சு."

யாருக்கு நல்லது? எனக்கென்று இருந்த ஒரே ஒரு மறுப்பு, அதுவும் சபைச் சட்டமாகிவிட்டது. இனி நான் வேண்டாம் என்றாலும் யாருக்கும் உறைக்காது.

ஹான்சனுக்கு முன்னால் இருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்தேன். வாய் வைத்து, அடிச்சீனி வரைக்கும் குடித்தேன். கோப்பையைத் தட்டில் வைத்தேன்.

ஹான்சன் வெளிறிப்போய் என் வாயைப் பார்த்தான். அன்ரி கோப்பையைப் பார்த்தார்.

வெளியே லிஃப்ற்றுக்குக் காத்து நின்றபோது ஹான்சன் என்னை விட்டுத் தள்ளி நின்றான். சபைத் தலைவருக்கு இதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. என்னை லண்டனுக்கே திருப்பி அனுப்பவும் கூடும்.

பின்னால் கதவு திறந்தது.

அன்ரி எங்களைக் கவனிக்கவில்லை. நடைபாதைச் சுவரிலிருந்த குப்பைக் குழாயின் இரும்பு மூடியை இழுத்து, இரண்டு விரலால் பிடித்திருந்த பூப்போட்ட கோப்பையை உள்ளே விட்டார். தட்டையும் விட்டார். அவை மாடி மாடியாக இடித்து உடைந்துகொண்டு கீழே போகும் சத்தம் கேட்டது. அன்ரி கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஹான்சனின் கண் கலங்கிவிட்டது.

"பார், நாம் சொன்னதைக் கேட்ட உடனேயே அந்த அம்மா தேநீர்க் கோப்பையைத் தூக்கி எறிந்துவிட்டார்" என்றான். "நீ வெட்கப்பட வேண்டும்."