இன்னொரு கால்

"அங்க ஓடுறது என் காலுங்க" என்றார் டேரில்.

பெண்டிகோ ஊரின் ஆஸ்திரேலியக் கால்பந்து மைதான வேலியோரம் நின்றவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. ஆனாலும் பொய்யில்லை. போன வருடம் மகள் கீலிக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. பதினேழு வயதுப் பெண்ணின் தசைநார் மெலிசு, பெற்றவர் யாராவது கொடுத்தால் பலமாக நிற்கும் என்றார் டாக்டர். டேரில் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் தொடையிலிருந்து தசைநாரை எடுத்து அவளுக்கு ஒட்டச் சொல்லிவிட்டார்.

இளவயதில் பெரிய கிளப்புகள் திரும்பியும் பார்க்காத ஆட்டக்காரர் அவர். அந்தக் குறை இன்னும் ஆறவில்லை.

ஜவ்வு கிழிந்த அன்று, ஒரு வருடம் ஆடவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் வீடே அழுதது. கீலி மட்டும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாள். என்ன நெஞ்சுரம் என்று டேரில் ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார்.

இன்றுதான் அவள் மறுபடி களமிறங்கும் முதல் ஆட்டம். மெல்போர்னிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆட்கள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடமே ஒப்பந்தம்.

இரண்டாம் பகுதியில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவள் பொத்தென்று விழுந்தாள். பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. வலது முழங்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சேற்றில் சுருண்டு கிடந்தாள்.

ஊர் கிளப்பில் முதலுதவியெல்லாம் அப்பாக்கள் தலையில்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய டேரில், அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"பயப்படாத கண்ணு. எனக்கு இன்னொரு கால் இருக்குல்ல? நாளைக்கே டாக்டர்கிட்ட பேசுறேன்."

கீலி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்த வலது காலை நீட்டி மடக்கிக் காட்டினாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"வேணும்னேவா விழுந்த?" என்றார் டேரில். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இடது கால் கிழிஞ்ச அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேம்ப்பா. நீதான் ஒட்டுப் போட்டுட்ட."