நாற்பத்தேழில் முடிகிறவன்

மேகலாவின் கவிதை வலைப்பூவுக்குத் தினமும் ஒருவன்தான் வந்துபோனான். பக்கத்தின் ஓரத்தில், வந்தவரின் இணைய முகவரியாக, 47-இல் முடியும் ஐபி எண் நிற்கும்; பெயர் கிடையாது. "என்னைப் புரிஞ்ச ஒரே ஆளு அவருதான்" என்று அவள் தென்காசியிலிருந்து போனில் சொல்லும்போதெல்லாம், ஓசூர் அறையில் கணவன் செண்பகராமனுக்கு வயிறு எரிந்தது. அவள் அனுப்பும் இணைப்பைத் திறந்து, ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த எண்ணைத் தேடுவான். தன் கணினியின் எண்ணையும் பார்த்தான், 192-இல் தொடங்கி 5-இல் முடிந்தது.

"அது வீட்டுக்குள்ள நம்பர் சார். வெளியே தெரியறது இதுதான்" என்று இணையம் பழுதுபார்க்க வந்தவர் 47-இல் முடியும் எண்ணைக் காட்டினார். "மோடத்தை அணைச்சுப் போட்டா இந்த நம்பர் மாறிடும்."

தேடிய ஆள் அவனேதான். அப்போதும் ஆத்திரம் அடங்காமல் அணைத்துப் போட்டான்.

நான்காம் நாள் மேகலா அழைத்தாள். "அவரு வரவே இல்லங்க. உடம்புக்கு முடியலையோ என்னமோ." குரல் உடைந்திருந்தது.

அவனுக்காக அது ஒருநாளும் உடைந்ததில்லை. மோடத்தை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான். 47 வரவேயில்லை.