பத்து லட்சத்து ஒன்று வீடு கேட்ட கதை

பகா எண்களின் தெருவில் குடியேறப் பத்து லட்சத்து ஒன்று பெட்டியும் படுக்கையுமாக வந்து நின்றது. ஒன்றையும் தன்னையும் தவிர யார் வகுத்தாலும் மீதி வரவேண்டும்; அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அங்கே வீடு.

வாசலில் காவல் நின்ற இரண்டு வகுத்துப் பார்த்தது, மீதி வந்தது. மூன்று, ஐந்து, ஏழு என்று தெருவே வரிசையாக வந்து வகுத்தது. அப்போதும் மீதிதான். பத்து லட்சத்து ஒன்றுக்கு உயிர் வந்தது. அடுத்து நூற்றியொன்று வகுத்தது, மீதியே இல்லை.

“கலப்படமா நீ? நடையைக் கட்டு!” என்றது இரண்டு.

“எனக்குள்ள இருக்கிறதே உங்க நூற்றியொன்றுதாங்க. அப்புறம் நான் எப்படி வெளியாளு? வேணும்னா அவரையே கேளுங்க.”

தெருவே திரும்பிப் பார்த்தது. நூற்றியொன்று யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.