டர்போவின் சூடு

ஒரு சின்ன விமானத்தில் எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. எஞ்சினை ஒட்டி, அது விடும் சூடான புகையிலேயே சுழன்றபடி, அதற்குக் காற்றை அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது டர்போ.

மேலே ஏறியதும் விமானி, எரிபொருளைக் குறைக்கும் சிவப்புப் பிடியை மெல்ல இழுப்பார். புகை சூடேறும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் சூடு தணிந்துவிடும். ஆனால் எஞ்சின் உதறுமோ என்று பயந்து, சூடு உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவார். இறங்கியதும் எரிபொருள் முள்ளின் கண்ணாடியைத் தட்டிக்கொடுப்பார்.

"இன்னிக்கும் மிச்சம்!"

"பாத்தியா, என்னைத்தான் கொஞ்சறார்," என்றது எரிபொருள் முள்.

"அங்கே டர்போ வேகுதுடி. நான் சிவப்புக் கோட்டுலயே நிக்கறேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல," என்றது வெப்ப முள்.

"விடுங்கக்கா," என்றது டர்போ. "அவர் சந்தோஷமா இருக்கார்."

ஒரு நாள் டர்போவின் சுழலும் இறகுகள் விரிசல் விட்டன. விமானம் எப்படியோ தரையிறங்கியது. மெக்கானிக் டர்போவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கருகியே போச்சு சார்."

"ஒரு சத்தம்கூடப் போடலையே! நல்லாத்தானே ஓடிச்சு," என்றார் விமானி.

புது டர்போ வந்தது. முதல் பயணத்தில் விமானி பிடியை இழுத்தார். அதே இடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, இங்கே எப்பவும் இப்படித்தான் சுடுமா?" என்று கேட்டது புது டர்போ.

வெப்ப முள் வாய் திறப்பதற்குள் எரிபொருள் முள் முந்திக்கொண்டது.

"போகப்போகப் பழகிடும்மா."