விறகு போதவில்லை

காடு மலை ஏறுகிறவர்களுக்கு முகாம் சாமான் விற்கும் கடைச் சுவரில் ஓவியர் இரண்டு பேரை வரைந்தார். ஒருவர் பனிமலையில் முதன்முதலாக ஏறியவர். மற்றவர் பெருங்காட்டை முதன்முதலாக நடந்தே கடந்தவர்.

"உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதே இல்ல. நம்ம சுவத்துலயாவது சந்திக்கட்டும்," என்றார் கடைக்காரர்.

நடுவில் கொழுந்துவிட்டெரியும் நெருப்பையும் வரைந்தார் ஓவியர்.

மறுநாள் காலையில் படத்திலிருந்த நெருப்பு தணிந்திருந்தது. விறகு பாதி சாம்பல். யாரிடமும் சொல்லாமல் புது விறகு வரைந்தார். அடுத்த நாளும் அதே கதைதான். வாரம் முழுக்க விறகு வரைந்தே கை ஓய்ந்தது, சோறு இறங்கவில்லை.

"ஒரு நாளாவது வீட்ல இருங்களேன். சுவரு எங்க ஓடிடப்போகுது?" என்றாள் மனைவி.

இருந்தார். இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடியே இருந்தார்.

மறுநாள் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனார். அவர் விறகு வரையாமலே நெருப்பு ஆளுயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் காலை நீட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்க்கலாமென்று, சுவரில் சாய்த்துவைத்திருந்த தன் மர ஏணியில் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஏணியின் கீழ்ப்படிகள் இரண்டைக் காணோம்.