நான்கு முறை விழுந்த கிணறு

"மறுபடியும் அதே கிணத்துலயா விழுந்தீங்க? இது நாலாவது தடவை!"

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மேசையின் ஓரம் வரை உருண்டுபோன பகடை, 'இரண்டு' என்று காட்டிக்கொண்டு நின்றது.

"இருட்டுல கிணறு இருக்கிறதே தெரியலை அண்ணி," என்றார் பஸ் டிரைவர் பரிதாபமாக.

"தினமும் அறுபது பேரை ஏத்திக்கிட்டு இவர் எப்படித்தான் வண்டி ஓட்டுறாரோ!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "படத்துல தட்டு அளவுக்கு வட்டம் போட்டு வச்சிருக்கேன். அதைப் பார்த்துட்டும் நேரா போய் விழறாரு மனுஷன்."

பல் டாக்டர் கயிறு இறக்கினார். அதாவது, "கயிறு இறக்குறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினார். இந்த விளையாட்டில் எல்லாமே அப்படித்தான். அவள் தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்த நோட்டைப் பார்த்து இடத்தைச் சொல்வாள். அங்கே என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா, நடக்காதா என்பது பகடையின் பாடு.

நோட்டு அவளுடைய கணவர் எழுதியது. கடைசி வருடம் படுக்கையில் கிடந்தபடி, மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் தெருத்தெருவாக, கதவு கதவாக வரைந்து, பிறகு நோட்டில் ஏற்றிய ஆட்டம். ஏரிக்கு அடியில் மூழ்கிப்போன ஒரு நகரம். அதன் நடுவில் ஒரு மணிக்கூண்டு. மணியை அடித்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், நகரம் பிழைத்துக்கொள்ளும்.

அவர் இறந்த மாதமே, அவருடைய தங்கையும் இரண்டு நண்பர்களுமாக இந்த மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணன் கஷ்டப்பட்டு எழுதினது, ஆடாம சும்மா கிடக்குது. நீங்க நடத்துங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"நானா? இருபது முகப் பகடையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும்."

முதல் ஞாயிறு, பஸ் நிலையத்து அறிவிப்பு மாதிரிதான் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. இப்போது காவல்காரனுக்கு ஒரு குரல், சந்தைக்காரிக்கு ஒரு குரல், பூதத்துக்கு ஒரு குரல் என்று வீடே அதிர்கிறது. சனிக்கிழமை வந்தால் பென்சில் சீவி வைக்கிறாள். மேசையைத் துடைக்கிறாள். மேசையில் நாலு தம்ளர் வைக்க ஒரு வீட்டில் ஆட்கள் வேண்டுமே, இப்போது இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி நாட்களிலும் இவர்கள்தான். ஞாயிறு மதியம் வந்து, "நாங்க பார்த்துக்கிறோம், நீங்க வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் தூங்குங்க" என்று அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைப்பார்கள். அதற்கே அவள் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. அதற்கு மேல் இந்த நாற்பது ஞாயிறு.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நோட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பக்கம். மணி அடித்தால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு இவர்கள் இங்கே வர என்ன இருக்கிறது? டிரைவர் இன்னும் ஒரு தடவை கிணற்றில் விழுந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் அவர்கள் மணிக்கூண்டின் படியேறிவிட்டார்கள்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "மேல வந்துட்டீங்க. மணிக்குக் கீழ ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கார். மடியில மணிக்கயிறு. உங்க பக்கம் திரும்புறார்."

"நான் வாளைக் கீழ வைக்கிறேன்," என்றார் பல் டாக்டர்.

"நான் கிட்டப் போய் அவர் கையை எடுத்து என் முகத்துல வைக்கிறேன்," என்றார் டிரைவர். "பாவம், கண்ணு தெரியாத மனுஷன். வந்திருக்கிறது யாருன்னு தெரியணுமில்ல?"

நாத்தனாரின் பென்சில் நின்றது. மேசைக்கு அடியில் யாரோ யாரையோ உதைத்த சத்தம் கேட்டது.

அவள் நோட்டைப் பார்த்தாள். 'மணியின் காவலருக்குப் பார்வை கிடையாது. கேட்டால் ஒழியச் சொல்லாதே.' அடியில் இரண்டு கோடு.

"கண்ணு தெரியாதுன்னு நான் சொல்லவே இல்லையே."

"ஒரு ஊகம்தான் அண்ணி..."

"கையை எடுத்து முகத்துல வச்சாத்தான் கயித்தைக் கொடுப்பார்னு இதுல இருக்கு. அதுவும் ஊகமா?"

டிரைவர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் பகடையைப் பார்த்தார். நாத்தனார்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"உங்களைத் தூங்க அனுப்பினோமே அண்ணி, அந்த ஞாயித்துக்கிழமைங்கள்ல அண்ணன் எங்களுக்கு இதை முழுசா நடத்திட்டான். அஞ்சே வாரத்துல மணி அடிச்சுட்டோம். அப்புறம் சொன்னான்: 'நோட்டு அவகிட்ட இருக்கும், அவளை நடத்தச் சொல்லுங்க. அடுத்த தடவை இவ்வளவு வேகமா முடிச்சுடாதீங்க.'"

தவறான தெருக்கள், தட்டாமல் விட்ட கதவுகள், ஒரு பூட்டின் முன்னால் மதியம் முழுக்க நடந்த வாக்குவாதம் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்து நின்றன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை மூடினாள்.

"அடுத்த ஞாயிறு நேரத்தோட வாங்க. இனிமே நான் எழுதுற ஊரு, ஒருத்தருக்கும் வழி தெரியாது." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினாள். "அப்போ, அந்தக் கிணத்துல நாலு தடவையும் எனக்காக வேணும்னேதான் விழுந்தீங்களா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"மூணு தடவை உங்களுக்காக அண்ணி. இன்னிக்கு நிஜமாவே மறந்துட்டேன்."