கொட்டிய மருந்து

கடைசி கெப்சூலையும் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைத் தூளைக் குழாய்த் தண்ணீரில் ஓடவிட்ட பிறகுதான் தினுஷாவுக்கு நெஞ்சு ஆறியது. ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதி. வெறும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்தோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இன்னும் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. அதற்குள் நாத்தனார் நிரஞ்சனி மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். நிரஞ்சனி கொஞ்சம் பூசின உடம்பு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் அந்தப் போத்தலைப் பார்த்த அன்றே தினுஷா மாமியார் ராசம்மாவிடம் கேட்டாள். ராசம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அது நிரஞ்சனியோட இளைப்பு மருந்து புள்ள. வெளியில மூச்சு விட்டுறாத. பொண்ணு பாக்க வாற நேரத்துல ஊரு வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆயிரும்.”

அன்றோடு தினுஷாவின் தூக்கம் போயிற்று. ஃபோனைத் திறந்தால் உடம்பைக் குறைக்கிற செய்திகள்தான். ஒன்று கொறக்காப் புளியை ஊறவைத்துக் குடி, இடுப்பு சிறுக்கும் என்றது. அடுத்தது, குடித்தால் ஈரல் கெட்டுவிடும் என்றது.

எதை நம்புவது என்று குழம்பிக் கிடந்தவளை ஒரே ஒரு செய்தி பிடித்து உலுக்கிவிட்டது. மெலிய வைக்கும் என்று சொல்லி, பெயர்கூட ஒட்டாமல் விற்கிற கெப்சூல்களை விழுங்கி ஒரு பெண் செத்தே போயிருந்தாள். மூச்சு வாங்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று அறிகுறிகளையும் போட்டிருந்தார்கள்.

இந்தப் போத்தலிலும் பெயர் இல்லை. நிரஞ்சனிக்கும் படியேறினால் மூச்சு வாங்கத்தான் செய்தது. அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வாசனை பட்டால் பசித்துவிடும் என்ற பயம், பாவம், என்று தினுஷா உள்ளுக்குள் உருகிப்போனாள்.

இன்று பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவரக் கணவன் துஷாந்த் த்ரீவீலை எடுத்துக்கொண்டு மாத்தளைக்குப் போயிருந்தான். ராசம்மா வெற்றிலை பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்றுதான் தினுஷா போத்தலைத் தூக்கினாள்.

பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். நெடி ஜன்னல் வழியாக ஏறியது. நிரஞ்சனி இருமிக்கொண்டே ஓடிவந்து அலுமாரியைத் திறந்து சேலைகளை இழுத்துப் போட்டாள்.

“அண்ணி, என் போத்தல் எங்க?”

“கொட்டிட்டேன்.”

“வெளையாடாதீங்க அண்ணி... எடுங்க...”

“சத்தியமா கொட்டிட்டேன். நீ இப்ப இருக்கிறதே அழகுதான். கட்டிக்கிறவன் பாத்துக் கட்டிக்கட்டும். இந்தக் கருமம் ஒனக்கு வேணாம்.”

நிரஞ்சனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வாங்கியதே தவிர, வார்த்தை வரவில்லை. கை வெடவெடவென்று நடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

செய்தியில் போட்டிருந்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. நல்லவேளை இன்றோடு நிறுத்தினோம் என்றுதான் தினுஷா நினைத்தாள்.

“பாத்தியா? இத்தன நாளா முழுங்கினது இப்ப வேலயக் காட்டுது. கொஞ்சம் தண்ணி குடி.”

நிரஞ்சனி டம்ளரைத் தட்டிவிட்டாள். தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள். உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வந்த ராசம்மாவின் கையிலிருந்து பை நழுவியது.

“மருந்த எடு புள்ள! சுருக்கா எடு!”

“அந்த மருந்தாலதான் மாமி இப்படிக் கெடக்கா! நான் செய்தி வாசிச்சேன். இளைக்கிறேன் இளைக்கிறேன்னு உயிர விட்டுருவா. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கொட்டிட்டேன்.”

ராசம்மா மகளை வாரி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அடிப்பாவி, இளைப்புன்னா ஒங்க கொழும்புல சொல்ற வீசிங் புள்ள!”